உள்ளே அறுந்த கம்பி

முதல் ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

பைக் சறுக்கி, தலையில் அடிபட்டு, ஒரு நாள் முழுக்க நினைவில்லாமல் கிடந்தான் தம்பி. பிறகு கண் விழித்தான். மண்டையோடு பத்திரம், ரத்தக்கட்டு இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதற்கப்புறம் பட்டறைப் பக்கம் அவன் வரவே இல்லை.

பட்டறை அண்ணனுடையது. எரிந்துபோன மோட்டார்களுக்குச் செப்புக் கம்பி சுற்றி, புதுக் காயில் கட்டுகிற இடம். தம்பி கை பட்டால் செத்த மோட்டாரும் சுற்றும். அந்தக் கை இப்போது பகலெல்லாம் போர்வைக்குள் கிடந்தது.

"அவரால முடியல மாமா. எந்நேரமும் அசதியா இருக்காரு," என்றாள் தம்பி மனைவி.

அண்ணன் போய்ப் பார்ப்பார். தம்பி எழுந்து உட்காருவான்.

"அண்ணே, சாப்பிட்டீங்களா?"

ஒரு எழுத்து பிசகாது. பேச்சு தெளிவு. வேலைக்கு மட்டும் முடியாதாம்.

இன்னொன்றும் அவர் கண்ணில் பட்டது. இவர் வாசல்படி ஏறுவதற்குள் அவள் ஓடிப்போய் அவன் காதில் ஏதோ ஓதுவாள். அதற்கப்புறம்தான் அவன் வாயைத் திறப்பான்.

"என்னம்மா ரகசியம்?"

"ஒண்ணுமில்ல மாமா. மாத்திரை போட்டீங்களான்னு கேட்டேன்."

மாத்திரையாம். விபத்துப் பணத்துக்காக இன்ஷூரன்ஸ்காரர்கள் முன்னால் நடிக்க ஒத்திகை நடக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்.

டாக்டர் இன்னொரு ஸ்கேன் எழுதிக் கொடுத்தார், எம்.ஆர்.ஐ. அண்ணனே இருவரையும் கூட்டிக்கொண்டு போனார். பாசத்தில் இல்லை. கையும் களவுமாகப் பிடிக்க.

"இதுலயும் ஒண்ணும் இல்லைன்னா, திங்கக்கிழமை அவன் மேசையில வேற ஆள் உக்காருவான். சொல்லிட்டேன்," என்றார் வண்டியில்.

தம்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரித்தான்.

இதில் சிரிப்பு வேறு.

ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் மிஷினை நிறுத்தினார்கள்.

"ஆள் அசையுறாரு, படம் கலங்குது," என்றார் டெக்னீஷியன். "நீங்க உள்ள போய் ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா. நகை எதுவும் கூடாது."

வளையலையும் தோட்டையும் கழற்றி மாமாவிடம் கொடுத்துவிட்டு அவள் உள்ளே போனாள். இவர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், டெக்னீஷியன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். உள்ளே பேசுவது மேசை ஸ்பீக்கரில் கேட்டது.

இத்தனை நாள் எட்டாத கிசுகிசு. இன்றைக்கு மாட்டினாள் என்று காதைத் தீட்டிக்கொண்டார்.

"அசையாம படுங்க. முடிஞ்சதும் வெளிய ஒருத்தர் நிப்பாரு. யாரு அவரு?"

"நீலச் சட்டையா?"

"ஆமா."

அண்ணன் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார்.

"மீட்டர் பாக்க வர்றவரு."

"இல்லைங்க. உங்க அண்ணன். உங்களைத் தோள்ல தூக்கி வளர்த்தவரு. பாத்ததும் 'அண்ணே, சாப்பிட்டீங்களா'ன்னு கேளுங்க. தினம் கேப்பீங்களே, அதே மாதிரி. நீங்க மறந்துட்டீங்கன்னு தெரிஞ்சா மனுஷன் ஒடிஞ்சு போயிருவாரு."

"கத்துவாரா?"

"கத்துவாரு. ஆனா நல்லவரு."

அண்ணன் நகையைச் சட்டைப் பையில் போட, வளையல் குலுங்கியது. டெக்னீஷியன் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

டாக்டர் படத்தில் கறுப்புப் புள்ளிகளைக் காட்டினார்.

"முதல் ஸ்கேன்ல இது தெரியாதுங்க. மூளைக்குள்ள நரம்பு இழைங்க அங்கங்க அறுந்திருக்கு. மூளைத்தண்டு தப்பிச்சிருக்கு, அது நல்லது. ஓரளவு திரும்பும், ஆனா மெதுவாத்தான். பழகின ஆளுங்க பக்கத்துல இருக்கணும்."

மேல் மூடியைப் பார்த்து மோட்டாரை எடை போடாதே, கம்பி அறுவது உள்ளே என்று பட்டறைக்கு வருகிறவர்களையெல்லாம் திட்டுகிறவர் அண்ணன். இப்போது படத்தின் புள்ளிகளை விரலால் தொட்டு எண்ணினார்.

வெளியே வந்து நகையை அவளிடம் நீட்டினார். முகத்தைப் பார்க்கவில்லை.

தம்பி நீலச் சட்டையைப் பார்த்தான். உதடு அசைந்தது. சொல்லிக் கொடுத்தது வரவில்லை. மனைவியைத் தேடினான். அவள் அவசரமாக அவன் காதுப் பக்கம் குனிந்தாள்.

"நீ விடும்மா," என்றார். அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். "சாப்பிட்டியாடா?"

"இன்னும் இல்லை." தயங்கினான். "நீங்க...?"

"திங்கக்கிழமை பட்டறைக்கு வா. வேலை செய்ய வேணாம், உன் மேசையில சும்மா உக்காரு." குரல் வழக்கம்போலக் கரகரத்தது. "நான் யாருன்னு தினம் காலையில நானே சொல்றேன். மறந்தா மறுபடி சொல்றேன். நான் உன் அண்ணன்."