தங்கநிற ஸ்டிக்கர்

ஒரு கைப்பேசியின் முதுகில் தங்கநிற ஸ்டிக்கர் ஒன்று ஏறி உட்கார்ந்தது. கதிர்வீச்சு அண்டாது என்று யாரோ சொல்லிவிட்டார்களாம், வனஜா உடனே வாங்கி ஒட்டிவிட்டாள்.

மதியம் தங்கையை அழைத்தாள்.

"கொஞ்சம் நகருங்களேன், டவர் பேசுறது கேட்கவே மாட்டேங்குது" என்றது கைப்பேசி.

"நான் பாதுகாப்புக்கு வந்தவன். நகர மாட்டேன்" என்றது ஸ்டிக்கர்.

கைப்பேசி என்ன செய்யும்? இருந்த சக்தியையெல்லாம் திரட்டி டவரை நோக்கிக் கத்தியது. கத்தக் கத்த உடம்பு கொதித்தது.

"ஐயோ, சுடுதே!" என்று அலறியது வனஜாவின் காது. "ஸ்பீக்கர்ல பேசித் தொலைக்கக் கூடாதா?"

"எப்படிப் பேசுவா? மாமியார் ஹால்ல இருக்காங்க. பேச்சே அவங்களைப் பத்தித்தான்" என்றது கைப்பேசி.

"அப்போ சீக்கிரம் முடிக்கச் சொல்லு!"

"இப்பத்தான் கல்யாணத்தன்னிக்கு நடந்ததுல ஆரம்பிச்சிருக்கா. இன்னும் இருபது வருஷம் பாக்கி."

காது சிவந்துபோனது. வனஜா கைப்பேசியை எடுத்து முதுகைத் தொட்டுப் பார்த்தாள். காதுக்கு உயிர் வந்தது.

"ஏய், இந்த ஸ்டிக்கர் பிரமாதம்டி!" என்றாள் தங்கையிடம். "தொட முடியல, அவ்வளவு கதிர்வீச்சைப் பிடிச்சு வச்சிருக்கு!"

நிம்மதியாக அதே காதில் இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டாள்.