ஆறாம் நிலைத் தலைப்பு

"எழுத்தைப் பெரிசா, தடிமனாப் போட்டுட்டா அது தலைப்பு ஆயிடுமா? என் காதுக்கு எல்லாமே ஒரே மாதிரி வரிதான்!"

கறார் மேடம் முழங்காலைத் தடவிக்கொண்டே பொரிந்து தள்ளினாள். வேலையில் சேர்ந்து ஒரு வாரமே ஆன மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். மருத்துவமனைக்கான இணையப் பக்கத்தை இன்றைக்குள் ஒப்படைத்தாக வேண்டும். திரையில் இருப்பதைக் கணினி வாசித்துக் காட்ட, பார்வையில்லாத அவள் அதைக் கேட்டுப் பார்த்து 'சரி' சொன்னால்தான் பக்கம் வெளியே போகும்.

"தலைப்புன்னு உள்ளே குறிச்சு வெச்சாத்தான் கம்ப்யூட்டருக்கு அது தலைப்பு. நாங்க தலைப்பு தலைப்பாத் தாவித்தான் படிப்போம். அவசரத்துல டாக்டர் வர்ற நேரத்தைத் தேடறவர், முதல் வரியிலேர்ந்து எல்லாத்தையும் கேட்டுட்டு உக்காந்திருக்கணுமா?"

பக்கத்தை உருவாக்கிய மௌனசாமி, "திருத்திடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தான்.

மேலாளருக்குப் பாவமாக இருந்தது. அவரும் வந்த நாளாகப் பார்க்கிறார், இரண்டு பேரும் எலியும் பூனையும்தான். வேலையைத் தவிர ஒரு பேச்சு கிடையாது. சாப்பிடக்கூட ஆளுக்கொரு மூலை. இன்னொரு தடவை அவள் திருப்பி அனுப்பினால் அவனை வேறு குழுவுக்கு மாற்றிவிடுவதென்று முடிவு செய்தார்.

சாயங்காலம் திருத்திய பக்கம் வந்தது. அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, விசையைத் தட்டித் தட்டித் தலைப்புகளில் தாவினாள். பக்கத்தின் அடியில் சட்டென்று நின்றாள். அதையே மறுபடி கேட்டாள்.

மேலாளர் திரையை உற்றுப் பார்த்தார். அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

"என்ன மேடம், தப்பா?"

"ஆமா சார். இங்க ஒரு தலைப்பு ஒளிஞ்சிருக்கு. கண்ணுக்குத் தெரியாது, காதுக்கு மட்டும் கேக்கும். முக்கியமானதை முதல் நிலையில வெக்கணும். இவர் கடைக்கோடி ஆறாம் நிலையில வெச்சிருக்கார்."

மேலாளர் பின்னால் நின்றிருந்த மௌனசாமியிடம் திரும்பினார். "தம்பி, நீங்க நாளைலேர்ந்து வேற குழுவுக்குப் போயிடுங்க. இவங்களுக்கும் உங்களுக்கும் ஒத்துவராது."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க சார்!" பதறிப்போய் அவள் ஹெட்போனைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். அவர் காதில் வைத்துக்கொண்டார்.

இயந்திரக் குரல் நிதானமாகப் படித்தது: "தலைப்பு, நிலை ஆறு. சொல்லாம மேஜையை நகர்த்தினது என் தப்புதான். முழங்கால் இன்னும் வலிக்குதா? வீட்டுலயாவது என்னோட பேசு."

"பக்கம் சரியா இருக்கு சார், அந்த ஒண்ணை மட்டும் எடுத்துட்டு அனுப்பிடலாம்" என்றாள் அவள், கண்ணைத் துடைத்தபடி. "ஆனா நீங்களே சொல்லுங்க, பொண்டாட்டிகிட்ட கேக்கற மன்னிப்பை முதல் நிலைத் தலைப்பா வெக்க வேணாமா?"