இரண்டாம் சரணத்துக்கு முன்னால்

நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவே ஒரு பேருந்துப் பயணத்தில், பழைய கேசட்டிலிருந்து போனுக்கு ஏற்றிவைத்திருந்த தன் உயிரான பாட்டைச் சிவநேசன் பூங்கோதைக்குப் போட்டுக் காட்டினான். இரண்டாம் சரணத்துக்கு முன்னால், புல்லாங்குழல் ஓயும் இடத்தில் 'ஹச்!' என்று ஒரு பெருந்தும்மல். அதன் வாலைப் பிடித்துக்கொண்டே 'நூறு' என்று ஒரு பெண்குரல். அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "எங்க அப்பா," என்றான் அவன். "ரேடியோ முன்னால டேப்ரிக்கார்டர வெச்சிட்டு எல்லாரும் மூச்சு விடாம உக்காந்திருந்தோம். அவருக்குத்தான் அடக்க முடியல. அம்மா பழக்கத்துல நூறுன்னுட்டாங்க. அவரு போனப்புறம், அவர் குரல்னு எங்ககிட்ட இருக்கறது அந்தத் தும்மல்தான்." வரவேற்பு மேடையில் இசைக்குழு அதே பாட்டை எடுத்ததும் மாப்பிள்ளை வீட்டு வரிசை மொத்தமும் நிமிர்ந்து உட்கார்ந்தது. முன்வரிசையில் மாமியார் கண்களை மூடிக்கொண்டாள். புல்லாங்குழல் வழுக்கி இறங்கி ஓய்ந்தது. அந்த இடம் துடைத்துவைத்ததுபோல் வெறுமையாக இருந்தது. பூங்கோதைக்குப் பொறுக்கவில்லை. மாலையை ஒதுக்கிக்கொண்டு, மண்டபம் அதிர, "ஹச்!" என்றாள். "அடிப்பாவி, நல்ல காரியத்துல ஒத்தத் தும்மலா!" என்று அவளுடைய பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மாமியார் கண்ணைத் திறக்கவில்லை. முகமெல்லாம் சிரிப்பாக, பாட்டையும் மீறிக் கேட்கும்படி, "நூறு!" என்றாள். பூங்கோதையின் பக்கத்தில் சிவநேசனுக்கு மூக்கு நமநமக்கத் தொடங்கியது.