மேசைக்கடியில் ஓட்டிஸ்

பர்பாங்க் ஸ்டூடியோவின் மூன்றாம் அறை. மேசையின் ஒரு முனையில் தயாரிப்பாளர் ஹெர்ஷெல், அவர் வலப்பக்கம் இயக்குநர் கிளைட், எதிர் நாற்காலியில் படத்தின் கொலைகாரப் பொம்மை ரஸ்டி, தரை வரை தொங்கும் விரிப்புக்குள் மேசைக்கடியில் அதை ஆட்டிப் பேசவைக்கும் ஓட்டிஸ் என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு, காரியதரிசி வில்மா ஓரமாக உட்கார்ந்தாள்.

பொம்மை பேசும்போது ஓட்டிஸை யாரும் குனிந்து பார்க்கக் கூடாது. பொம்மையோடுதான் பேச வேண்டும். அது படப்பிடிப்பு வழக்கம்.

"கடைசிக் காட்சியில உன்னை எரிச்சிடறோம்ப்பா," என்றார் ஹெர்ஷெல்.

"எரிச்சிட்டு, ரெண்டாம் பாகத்துல உங்க மாமியாரை நடிக்க வைப்பீங்களா?" என்றது ரஸ்டி.

"அவங்கன்னா மேக்கப் செலவு மிச்சம்," என்று கிளைட் சிரித்தார்.

"அது சரி, தீக்குச்சியை யாரு கிழிக்கப் போறது? நீங்களா, கிளைட்?"

கிளைட்டின் சிரிப்பு நின்றது. "பொழைச்சுப் போகட்டும், ஹெர்ஷெல்," என்றார். ஹெர்ஷெலும் அவசரமாகத் தலையாட்டினார்.

இருவரும் போனபின், ஓட்டிஸிடம் கையெழுத்து வாங்குவதற்காக வில்மா விரிப்பைத் தூக்கினாள். அடியில் யாரும் இல்லை.

அன்றைய தபாலில் ஓட்டிஸின் கடிதம் இருந்தது. "திங்கள் முதல் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். கையில் ஆபரேஷன். கூட்டத்துக்கு வர முடியாது. ரஸ்டியை எரித்துவிடாதீர்கள்."

வில்மா குறிப்பேட்டில் ஓட்டிஸ் பெயரை அடித்தாள். "ரஸ்டி பிழைத்துக்கொண்டான். தன் தரப்பைத் தானே பேசினான்," என்று பதில் எழுதி உறைக்குள் போட்டாள்.

"நீயே ஒட்டிடும்மா," என்றது ரஸ்டி. "எனக்கு எச்சில் வராது."

வில்மா நாக்கால் நனைத்து, உறையை ஒட்டி, தபாலில் சேர்த்தாள்.