நான்காவது பக்கம்

சோறு ஆறிக்கொண்டிருந்தது.

அவளுக்கு எதிரே, ஊறுகாய் பாட்டிலில் சாய்த்து வைத்த ஒரு செல்போன். டம்மி. திரை கறுப்பாக இருந்தது. கதையில் வரும் மகளின் முகத்தைப் பிறகு ஒட்டிக்கொள்வார்களாம்.

அந்தக் கறுப்பைப் பார்த்து, “சாப்பிட்டியாடி?” என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் காட்சி.

நாலு டேக் போய்விட்டது.

“லுக் தப்புது மேடம். நீங்க போனைப் பார்க்கலை. கேமராவுக்குக் கீழே யாரையோ பார்க்கறீங்க,” என்றார் டைரக்டர்.

பார்க்கிறாள்தான்.

அவள் நடித்த முதல் தொடர், வாரம் ஒருநாள் வருவது. அதில் வரும் குடும்பம் தரையில் உட்கார்ந்து சாப்பிடும். மூன்று பக்கமும் ஆட்கள். நான்காவது பக்கம் கேமராவுக்கு. அவள் நடுவில் உட்கார்ந்து குழம்புச் சாதத்தைப் பிசைந்து, உருட்டி, பிள்ளைகளின் கையில் போடுவாள். ஊரே பார்த்தது. காய்கறிக் கடையில் பெண்கள் அவளை நிறுத்தி, தாங்களும் அப்படித்தான் உருட்டிப் போடுவதாகச் சொல்வார்கள். அவளுக்குப் பெருமை தாங்காது.

சொந்த மகள் வளர்மதிக்கு அப்போது ஐந்து வயது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. கேமரா ஸ்டாண்டின் கால்களுக்கு நடுவே உட்கார வைத்துவிடுவார்கள். சத்தம் போடாத குழந்தை.

அம்மா உருண்டையை எடுக்கும்போதெல்லாம் அங்கிருந்தும் ஓர் உள்ளங்கை நீளும்.

அதில் எதுவும் விழாது. விழுந்தால் ஷாட் போய்விடும்.

பிறகு டி.வி. குடும்பங்கள் தரையை விட்டு எழுந்து மேஜைக்குப் போயின. அவள் மாமியார் ஆனாள். பட்டுப் புடவையும் ஒட்டியாணமுமாகக் காலைச் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். பாயசத்தில் என்னென்னவோ கலந்தாள். ஒவ்வொரு முகமாகக் கேமரா போய் வருவதற்குள் இட்லி கல்லாகிவிடும். யாரும் சாப்பிட மாட்டார்கள், முறைப்பார்கள். அங்கேயும் மேஜைக்கு மூன்று பக்கம்தான் நாற்காலி.

வளர்மதி ஹாஸ்டலில் வளர்ந்தாள். ஓசூரில் வேலைக்குப் போனாள். அங்கேயே குடும்பமானாள்.

ஓசூர் ஒன்றும் சீமையில் இல்லை.

“வந்து நாலு நாள் இருந்துட்டுப் போயேன்டி,” என்று எப்போது கூப்பிட்டாலும் ஒரே பதில்.

“உன்னை டி.வி.யில பார்த்துக்கறேம்மா.”

இப்போது இந்த வெப் சீரிஸ். பெரிய வீடு, பெரிய மேஜை. ஓர் அம்மா, ஒரு தட்டு, ஒரு போன். மற்றவர்கள் எங்கே என்று கதை கேட்கும்போது விசாரித்தாள். டைரக்டர் சிரித்தார். இப்போதெல்லாம் வீடுகளில் அப்படித்தானே மேடம் என்றார். அவள் மறுக்கவில்லை. வீட்டிலும் அவளுக்கு ஒரு தட்டுதான். கூச்சமாக இருக்கிறது சொல்ல, அங்கேயும் மேஜையின் ஒரு பக்கத்தை ஒழித்து வைத்துவிட்டுத்தான் உட்காருவாள். பழக்கம்.

ஐந்தாவது டேக்குக்கு முன்னால் அவள் கையை உயர்த்தினாள்.

“என் போன்லயே பேசட்டுமா? என் பொண்ணுகிட்ட?”

டைரக்டருக்கு வாயெல்லாம் பல். “சூப்பர் மேடம். ரியலா இருக்கும்.”

டம்மியை எடுத்துவிட்டு அவளுடைய போனை வைத்தார்கள். அவளே வீடியோ காலை அழுத்தினாள். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாள் என்றுதான் நினைத்தாள். அது அவளுக்குப் பயமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

எடுத்துவிட்டாள்.

“என்னம்மா? என்ன ஆச்சு?”

வளர்மதி அடுக்களையில் நின்றிருந்தாள். முன்நெற்றியில் நரை. எத்தனை நாளாக நரை என்று தெரியவில்லை. பதறிய முகம். அந்தப் பதற்றம் அம்மாவுக்கு இனித்தது. நமக்காகப் பதறுகிறாள்.

பிறகு வளர்மதி உற்றுப் பார்த்தாள். அம்மாவின் முகத்தில் பூச்சு, கன்னத்தில் விழும் வெளிச்சம். பதற்றம் போய்விட்டது. மற்றதும் போய்விட்டது.

“கேமரா ஓடுதா?”

இல்லை என்று சொல்லிவிடலாம். நடிக்கத் தெரியாதவளா அவள்?

தட்டை எடுத்தாள். போனை எடுத்தாள். எழுந்தாள். மேஜையைச் சுற்றிக்கொண்டு நான்காவது பக்கத்துக்கு வந்தாள். அங்கே நாற்காலி கிடையாது. எந்தக் குடும்பத்திலும் இருந்ததில்லை. ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

லென்ஸ் அவள் பிடரிக்குப் பின்னால் இருந்தது. முதுகு குறுகுறுத்தது. முதுகைக் காட்டுபவள் நடிகையே இல்லை என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

போனை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“ஓடுது. ஓடட்டும். இங்கே உட்கார்ந்தா அவங்களுக்கு உன் முகமும் தெரியாது, என் முகமும் தெரியாது.”

வளர்மதி அழைப்பைத் துண்டிக்கவில்லை.

சோறு நன்றாக ஆறியிருந்தது. ஆறினால்தான் உருட்ட வரும். உருட்டினாள். போனைத் தள்ளிப் பிடித்து, உருண்டையைத் திரைக்கு நேராகக் கொண்டுபோனாள்.

“கையை நீட்டுடி.”

“மேடம்,” பின்னாலிருந்து டைரக்டரின் குரல் தயங்கியது. “எங்களுக்கு ஒண்ணும் தெரியலை.”

அவள் திரும்பவில்லை. நீட்டிய கையை இறக்கவும் இல்லை.