நூல் அளவு

துபாயில் இறந்துபோன அப்துல் ரஹ்மானின் ஓவியங்கள் கும்பகோணத்தில் காட்சிக்கு வந்தன. எல்லாவற்றிலும் ஒரே சிறுமி. படத்துக்குப் படம் உயர்ந்துகொண்டே போனாள். முகம் மட்டும் இல்லை.

"முகம் ஏன் இல்ல?" என்று கேட்டார் பேராசிரியர்.

"இந்தக் காலத்து மனுஷனுக்கு முகம் கிடையாதுங்கிறார், சார்," என்றாள் ஆய்வு மாணவி சபிஹா.

ஓவியரின் மனைவி, நாகூரிலிருந்து வந்திருந்த கமருன்னிஸா குறுக்கிட்டார். "அதெல்லாம் இல்லீங்க. புள்ள வயித்துல இருக்கப்ப போனவரு, திரும்பல. பொம்பளப் புள்ளைய போட்டோ புடிக்க மாமனார் விடல. துபாய் போறவங்ககிட்ட வருஷாவருஷம் புள்ள ஒசரத்துக்கு நூல் அளந்து குடுத்துவிடுவேன். அது மட்டுந்தான் அவருக்குத் தெரியும்."

சபிஹா கடைசிப் படத்தின் அருகே போய் நின்றாள். சிறுமி அவள் தோளுக்கு இருந்தாள்.

"பெருநாள் சட்டைக்கு அளவுன்னுதானே சொன்னீங்க, உம்மா?"