பின்சுவர்

"மேஸ்திரி, அந்தப் பின்சுவரையும் இடிச்சுடுங்க."

சன்னல் திரைக்குப் பின்னாலிருந்து ரோஷன் பீவி சொன்னதும் தாஜ் நிஷா திடுக்கிட்டாள். கணவனை இழந்து, வெளியே வராமல் இத்தாவில் இருக்கும் அண்ணி இத்தனை நாளில் வாய்திறந்து கேட்ட முதல் காரியம் இது.

சன்னலுக்கு எதிரே, பிரெஞ்சுக்காரன் காலத்து மணிலாக்கொட்டைக் கிடங்கை இடித்துக்கொண்டிருந்தார்கள். தார் பூசிய சுவர், துருப்பிடித்த தகரம். வில்லியனூரிலேயே அதைவிட அவலட்சணமான கட்டடம் கிடையாது. இனி பெரிய ரோட்டுப் பக்கம் வரிசையாகக் கடைகளாம், உள்ளே லாரி நிற்க வெறும் திடலாம்.

"இன்னா பாயம்மா, அது சுண்ணாம்புக்காரைச் செவுரு. கடப்பாறையே திரும்பி வருது. அப்படியே காம்பவுண்டா வுட்டுட்டா எனக்கு வேலை மிச்சம்" என்றார் தெருவில் நின்ற சுப்பராயலு மேஸ்திரி.

"பார்க்கவே சகிக்கலை. எடுத்துடுங்க."

தாஜ் நிஷாவின் அண்ணன் ஹமீது மூட்டை தூக்கிய இடம். மத்தியானம் அந்தச் சுவரில் சாய்ந்துதான் தூக்குச் சோற்றைச் சாப்பிடுவார். வெயிலில் இளகிய தார் சட்டை முதுகெல்லாம் ஒட்டியிருக்கும். "உங்க அண்ணனுக்கு என்னைவிட அந்தச் செவுருதான் உசத்தி" என்று இதே அண்ணி துவைத்துக்கொண்டே சிரிப்பாள்.

"அண்ணன் ஞாபகமா அது ஒண்ணுதான் நிக்குது. அதுவும் உனக்கு ஆகலையா அண்ணி?"

ரோஷன் பீவி மறுபடியும் தெருப் பக்கம் குரல் கொடுத்தாள்.

"மேஸ்திரி, வேலை முடியற வரைக்கும் என் வூட்டுக் கிணத்துலயே தண்ணி எடுத்துக்கங்க. அந்தச் செவுரு மட்டும் வேணாம்."

தண்ணீருக்காக ஏரிக்கு வண்டி விட்டுக்கொண்டிருந்த மேஸ்திரி தலையைச் சொறிந்தார்.

"சரி பாயம்மா. கம்பிவேலி போட்டுக்கறேன்."

அன்று ராத்திரி தாஜ் நிஷா அண்ணி போட்ட சோற்றைத் தொடவில்லை.

மறுநாள் சுவர் தடாலென்று சாய்ந்தது. வீடெல்லாம் புழுதி. தாஜ் நிஷா சன்னலைச் சாத்த ஓடினாள்.

"சாத்தாதே" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள் ரோஷன் பீவி.

புழுதி மெல்ல அடங்கியது. சுவர் இருந்த இடத்துக்கு அப்பால், ஊர்ப் பெண்கள் யாரும் கால் வைக்காத கபர்ஸ்தான் தெரிந்தது. முன்வரிசையிலேயே, ஹமீதை அடக்கிய புது மண்மேடு.

"தலைமாட்டுல நட்ட கொப்பு துளிர்த்திருக்கு பாரு, தாஜு" என்றாள் அண்ணி.